அமைச்சரவை எடுக்கும் முடிவால் ஊர்ச் சனங்களுக்கு நிஜமாகவே ஏதாவது நல்லது நடக்குமா?

கேள்வி இதுதான்: "மாநில அமைச்சரவை கூடியது, ஒப்புதல் கொடுத்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. இதனால் ஊர்ப்பக்கம் யாருடைய வாழ்க்கையாவது மாறியிருக்கிறதா, இல்லை தலைப்புச் செய்தியோடு முடிந்துவிடுகிறதா?"

நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கிறவர் மாதிரி தெரிகிறது. எந்தத் தேதியில் எந்த மசோதா என்று மனப்பாடம் பண்ணிப் பண்ணி, இதெல்லாம் யாருக்காக என்று சலிப்பு வந்திருக்கும். தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனசு வரவில்லை. நான் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைனில் சிட்டா எடுத்துக் கொடுப்பது, விண்ணப்பம் போடுவது எல்லாம் உண்டு. அப்பாவுக்கு மூன்றரை ஏக்கர், பாதி நெல், பாதி தென்னை, புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாய்ப் பாசனம்.

2023 ஏப்ரல் முதல் வாரம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு மத்திய அரசு விட்ட ஏல அறிவிப்பில் தமிழ்நாட்டு இடங்கள் மூன்று இருக்கின்றன, வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒன்று என்று செய்தி வந்தது. வடசேரி எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். காலையிலேயே மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினார். அதில் கோடு போட்டிருந்த இடத்துக்குள் எங்கள் ஊர் இருந்ததா, ஓரத்தில் இருந்ததா என்று பெரிதுபண்ணிப் பார்த்தும் தெரியவில்லை. தெரியாததுதான் பெரிய வேதனை.

சாதாரணமாக என் கடைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆதார் ஜெராக்ஸ்காரர்களும்தான் வருவார்கள். அன்றைக்குப் பத்து மணிக்கெல்லாம் சிட்டா எடுக்க ஆள் நின்றது. சிட்டா, அடங்கல், புலப்படம், யாருக்கு எது வேண்டும் என்று அவர்களுக்கே தெரியவில்லை, "எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்துக் குடுப்பா" என்றார்கள். சிலருக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. இருபது வருடமாக அதைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் அன்றைக்கு முகம் செத்துப்போய் நின்றார்கள். ஏனென்றால் நிலம் எடுத்தால் பட்டாவில் யார் பெயரோ அவருக்குத்தான் பணம் வரும் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டுப் பட்டாவில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் என் கடை வாசலிலேயே வாய்த்தகராறு ஆகி, தம்பி எடுத்த காகிதத்தை அப்படியே மேசையில் போட்டுவிட்டுப் போனார். ஒரு மண்வெட்டி கூட ஊருக்குள் இறங்கவில்லை, அதற்குள் ஒரு குடும்பம் பிரிந்தது. யாருடைய வாழ்க்கையாவது மாறியிருக்கிறதா என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரியைப் படித்ததும் மேசையில் கிடந்த அந்தக் காகிதம்தான் ஞாபகம் வந்தது.

மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு, எங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிற அக்கா ஒருவர் வந்து ஓரமாக நின்றார். நூறு நாள் வேலை அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். எடுத்துக் கொடுத்தேன், போகவில்லை. "தம்பி, ஒங்களுக்கெல்லாம் நெலத்துக்குக் காசு வரும். பட்டா இல்லாத எங்களுக்கு என்ன எழுதியிருக்கு அதுல?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதுவரை எங்கள் மூன்றரை ஏக்கரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நெய்வேலியைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீரோட்டம் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை ராப்பகலாக இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிக்கொண்டு வராமல் தோண்ட முடியும். புது ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் எங்களுக்குப் போர்த் தண்ணீர்தான் கதி. பள்ளம் பக்கத்து ஊரில் விழுந்தாலும் எங்கள் போரில் தண்ணீர் எத்தனை அடிக்கு இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் தோப்பில் 83 மரம் விழுந்தது. அதில் பாதி இடத்துக்கு மறு வருடமே கன்று வைத்தோம். மீதி இடத்துக்கு வைக்க 2023-இல்தான் கையில் காசு வந்தது. மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, அடியில் உப்பும் சாம்பலும் போட்டு ஆற விட்டிருந்தார். தென்னம்பிள்ளைகள் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தன. செய்தி வந்த அன்றைக்குச் சாயங்காலம் நட வேண்டியது. அப்பா போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பட்டா, கந்தாய ரசீது எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். "வெச்ச பிள்ள காய்க்க ஆறேழு வருஷம் ஆகும்டா. அதுவரைக்கும் அந்த மண்ணு அங்க இருக்கணும்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மாதான் கன்றுகள் வாடாமல் சாணி கரைத்த தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் பிடிப்பாகச் சொன்னது, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிய 2020-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டத்தை. இந்த மண்டலத்துக்குள் இப்படிப்பட்ட திட்டம் கூடாது என்று சட்டமே இருக்கிறது, ஏலம் முடிந்தாலும் தோண்ட முடியாது என்பதுதான் வாதம். 5-ஆம் தேதி சட்டமன்றத்திலும் கட்சி வித்தியாசம் இல்லாமல் எதிர்த்தார்கள். 8-ஆம் தேதி, சனிக்கிழமை, மூன்று இடங்களையும் ஏலத்தில் இருந்து விலக்கிவிட்டதாக மத்திய நிலக்கரித் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அப்பா தோப்பில் இருந்தார். நான் போனபோது பத்துப் பன்னிரண்டு கன்று ஊன்றி, சுற்றி மண்ணைக் குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கன்றை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கையை மட்டும் நீட்டினார்.

சரி, அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். மன்னார்குடிப் பக்கம் பூமிக்கடியில் இருந்து மீத்தேன் வாயு எடுக்கிற திட்டம் வந்ததில் இருந்தே டெல்டாவுக்கு நிம்மதி போய்விட்டது. இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் உயிர் விட்டார். 2017 பிப்ரவரி 15-இல் மத்திய அமைச்சரவைக் குழு ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெய், எரிவாயு எடுக்க 31 இடங்களுக்கு ஒப்புதல் கொடுத்ததில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் இருந்தது. நான் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய் மூன்று நாள் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தேன். எங்களைக் கேட்காமல் ஒரு அமைச்சரவை முடிவால் எங்கள் பெயரை எழுத முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு போட மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டமே நடத்த வேண்டாம் என்று விதியைத் திருத்தினார்கள். இங்கே கொதித்துப் போனது. பிப்ரவரி 9-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கப் போவதாக அப்போதைய முதலமைச்சர் பழனிசாமி தலைவாசலில் அறிவித்தார், 19-ஆம் தேதி மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மறுநாளே சட்டமன்றத்தில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அப்புறம் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்கள். அன்றைக்கு மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆகவில்லை, நாகையோடு சேர்த்தி. இந்த எல்லைக்குள் புதிதாக எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், பாறை எரிவாயு எடுக்கக் கூடாது, துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலை வரக் கூடாது, இரும்புத்தாது ஆலை கூடாது என்று பட்டியலே போட்டுவிட்டார்கள்.

நான் கட்சிக்காரன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே யாராவது வந்து கரை வேட்டி கட்டிவிடுவார்கள். ஒரு கட்சி ஆட்சியில் சட்டம் வந்தது, இன்னொரு கட்சி ஆட்சியில் அதைக் கையில் எடுத்துப் பேசினார்கள். இரண்டு பேருக்கும் நன்றி சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இன்னும் சிலர், சட்டத்தால் ஒன்றும் நடக்கவில்லை, தில்லியில் ஓட்டுக் கணக்குப் போட்டுத்தான் விலக்கினார்கள் என்பார்கள். இருக்கட்டும். 2017-இல் நாங்கள் கெஞ்சினோம், மனு கொடுத்தோம், பந்தலில் கிடந்தோம். 2023-இல் "சட்டம் இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது. கையில் மனுவோடு நிற்பதற்கும் கையில் சட்டத்தோடு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

சட்டத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. 2017-இல் குழாய் கசிந்து வயல் பாழான கதிராமங்கலத்துச் சனங்களுக்கு அது என்ன ஆறுதல்? முதல் அறிவிப்பில் இருந்த திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்களைச் சட்டத்தில் விட்டுவிட்டார்கள். மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டம், அவர்களுக்குப் பேசிக்கொள்ள இந்தச் சட்டம்கூடக் கிடையாது. அதையும் சேர்க்க வேண்டும், இப்போதாவது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைத்தால் விட்டுவிடுங்கள், ஆனால் நான் சொல்லாமல் இருக்க மாட்டேன். நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதில் விளைந்ததைக் காப்பாற்ற ஆள் இல்லை. 2025-இல் மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்தார்கள், குறுவை நல்ல விளைச்சல். நெல் விலையும் கூட்டி அறிவித்தார்கள், சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், அதாவது 40 கிலோ சிப்பத்துக்கு ஆயிரம் ரூபாய். மனசு நிறைந்தது. அக்டோபரில் அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் எங்களுக்கு முன்னால் மலை மலையாக அம்பாரம். சாக்கு இல்லை என்றார்கள், அப்புறம் லாரி வரவில்லை, எடுத்த மூட்டையே நகரவில்லை என்றார்கள். பதினோரு நாள் அப்பா அங்கேயே படுத்தார். மழை வரும்போதெல்லாம் படுதாவை இழுத்து மூடுவது, வெயில் எட்டிப் பார்த்தால் தார் ரோட்டில் பரப்பிக் காலால் கிளறிவிடுவது, திரும்ப அள்ளுவது. எழுபத்தெட்டு வயது மனுஷர். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள், மெஷினில் 21 காட்டியது. ஐப்பசி மழையில் 17 எங்கிருந்து வரும்? ஒரு நாள் படுதாவைத் தூக்கிப் பார்த்தால் அடி நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது, கையை விட்டால் சூடாக இருந்தது. அது போக, சிப்பத்துக்கு இவ்வளவு என்று தனியாக வைக்காவிட்டால் தராசு நம் பக்கம் திரும்பாது. வாங்கியவர் யார் என்று இங்கே எழுத மாட்டேன், கொடுத்த அத்தனை பேருக்கும் தெரியும். கடைசியில் முளைத்த நெல்லை வியாபாரிக்குப் பாதி விலைக்குத் தள்ளினோம்.

விலையைக் கூட்ட முடிவெடுத்தவர்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கூரை, ஒரு சிமெண்டுக் களம், நெல் காயவைக்கிற எந்திரம் ஒன்று என்று அதே கூட்டத்தில் முடிவெடுத்திருந்தால் எங்கள் வீட்டுக்கு அந்த ஆயிரம் ரூபாய் வந்து சேர்ந்திருக்கும். அமைச்சரவையில் கேட்கிற காது இருக்கிறது என்று 2020-இல் பார்த்தோம், அதனால்தான் மறுபடி மறுபடி கேட்கிறோம்.

தென்னம்பிள்ளைகள் நன்றாக இருக்கின்றன. இரண்டு மட்டும் காண்டாமிருக வண்டு அடித்துக் குருத்து போய்விட்டது, மற்றதெல்லாம் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஒரத்தநாட்டுப் பக்கம் வந்தால் எந்த ஜெராக்ஸ் கடை என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டு வாருங்கள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்கிறேன். அவருக்கு அந்த வாரத்தைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று இருக்கிறது, என்னிடம்தான் பேச மாட்டேன் என்கிறார்.