சியாட்டில் ஜெர்ரி ரைஸ் ஜெர்சி: 2004-ஐச் சேர்ந்ததா?

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜெர்ரி ரைஸ் 2004-இல் சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்காகக் களத்தில் போட்டது என்று ஒருவர் விற்கும் ஜெர்சி உண்மையானதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்ன மூன்று விவரங்களிலேயே பதில் இருக்கிறது: மங்கலான நீலம், ரீபோக் முத்திரை, கழுத்து வில்லையில் எட்டு நட்சத்திரம். முதல் இரண்டும் சரி. சீஹாக்ஸ் அந்த நீலத்தை 2002 முதல் 2011 வரை அணிந்தது. ரீபோக்கும் அதே காலம்தான். இடிப்பது மூன்றாவது. அந்த வில்லையில் இருப்பது என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) கேடய முத்திரை; அதில் எட்டு நட்சத்திரம் வந்தது 2008-இல். அதற்கு முன் 25, பொடிப்பொடியாக இருக்கும். ஆகவே "2004-இல் களத்தில் போட்டது" என்று விற்பவர் சொல்வது நிற்காது. பிற்பாடு தைத்த நகலாக இருக்கலாம். நகலின் விலைக்கு வாங்கலாம், அவ்வளவுதான்.

80 என்ற எண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். அது சீஹாக்ஸின் பழைய நட்சத்திர வீரர் ஸ்டீவ் லார்ஜென்ட்டைக் கௌரவிக்க, வேறு யாருக்கும் தராமல் ஓய்வு கொடுக்கப்பட்ட எண்தான். ஆனால் 2004 அக்டோபரில் ரைடர்ஸ் அணியிலிருந்து ரைஸ் வந்தபோது லார்ஜென்ட் சம்மதத்தோடு அவருக்குக் கிடைத்தது. ரசிகர்களில் சிலருக்கு இன்னும் அது ஆறவில்லை, நியாயம்தான்.

மார்பில் 'சி' ஒட்டு இருந்தாலும் வேண்டாம். கேப்டன் ஒட்டு 2007-இல்தான் தொடங்கியது. நைக்கி முத்திரை என்றால் 2012 முதல்தான்.

உண்மையிலேயே ஆட்டத்தில் அணிந்ததைத் தேடினால், எந்த ஆட்டம் என்று கேளுங்கள். டிசம்பர் 6, டல்லாஸ் ஆட்டம்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது: ரைஸ் 8 முறை பந்தைப் பிடித்து 145 கெஜம் முன்னேறினார், எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுனும் எடுத்தார், அப்படியும் சீஹாக்ஸுக்கு 43-39 தோல்வி. அந்தப் பெயரைச் சொல்லியே விலையை ஏற்றுவார்கள். அன்றைய புகைப்படத்தில் எண்ணின் தையல், கிழிசல், புல் கறை ஒத்துப்போகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வெறும் சான்றிதழ் தாள் போதாது.