கேளுங்கள், சொல்கிறேன்: கோழி ஏன் கூளத்தைத் தின்கிறது?

கேள்வி: என் பிராய்லர் கோழிகளுக்கு மூன்று வார வயது. தீவனத் தட்டு நிறைந்திருக்கும்போதே தரையில் கூளமாகப் பரப்பிய மரச்சீவலைப் பொறுக்கித் தின்கின்றன. தீவனத்தில் உமி கலக்கச் சொல்கிறார் ஒருவர். நார்ச்சத்து கோழிக்குச் செரிக்காது, எடை குறைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உமியைச் செரிக்கும் நொதி கோழிக்குக் கிடையாது என்பது உண்மைதான். ஆனால், செரிக்காமல் கிடப்பதால்தான் அது உதவுகிறது. இதை அந்த இரண்டாமவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அடுத்து ஒரு கோழியை அறுக்கும்போது அரைவைப்பையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிரேதப் பரிசோதனையில் குடலைத் திறப்பதற்கு முன் நான் அதைத்தான் அழுத்திப் பார்ப்பேன். மாவாக அரைத்துப் பெல்லட்டாக்கிய தீவனத்தை மட்டுமே தின்ற கோழியில் அது சிறுத்துத் தொளதொளவென்று இருக்கும். அதற்கு முன்னால் இருக்கும், அமிலத்தைச் சுரக்கிற முன்னிரைப்பை வீங்கி, இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய கழுத்தே தெரியாது. அரைக்க வேலை இல்லாத தசை வேறெப்படி இருக்கும்? அந்த வேலையைத் தேடித்தான் கோழி கூளத்தைப் பொறுக்குகிறது.

பருமனான உமித்துகள் அவ்வளவு எளிதில் பொடியாகாது. பொடியாகும்வரை அரைவைப்பை அதை வெளியே விடாது. தசை வலுக்கிறது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடுதலாகச் சுரக்கிறது, புரதம் நன்றாகக் கரைகிறது, தீவனத்தோடு வரும் கிருமிகளில் ஒரு பகுதி அங்கேயே சாகிறது. இன்னொன்றும் உண்டு: கோழியின் சிறுகுடல் தன்னிடம் வந்த இரையை அவ்வப்போது மேல்நோக்கித் தள்ளி, மறுபடி அரைவைக்கு அனுப்பும். அரைவைப்பை வலுவாக இருந்தால் இதுவும் ஒழுங்காக நடக்கிறது.

ஆகவே 2 முதல் 3 சதவீதம் நெல் உமியோ ஓட்ஸ் உமியோ சேர்க்கலாம். மாவாக அரைத்துவிட்டால் பலனில்லை. ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத துகள் வேண்டும். உமியில் எரிசக்தி கிடையாது என்பதால், கலவையைத் தீவன நிபுணரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் தொடவே வேண்டாம். நீளமான வைக்கோல் துண்டுகளும் கூடாது. அவை அரைவைப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும்.

கூளம் தின்பதற்கு உப்புக் குறைபாடு போன்ற வேறு காரணங்களும் உண்டு. அவற்றையும் பாருங்கள். கூளத்தோடு இரத்தக் கழிச்சல் நோயின் முட்டைகளும் உள்ளே போகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மக்காச்சோளத்தைக் குறைத்துக் கோதுமையை ஏற்றினோம். எச்சம் பிசுபிசுக்கிறது, கூளம் ஈரமாகிறது. தீவனச் சீட்டில் நார்ச்சத்து அளவு ஏறக்குறைய பழையபடிதான் இருக்கிறது.

பதில்: அந்தச் சீட்டை நம்பி நாம் படும் பாடு கொஞ்சமல்ல! அதில் அச்சாகும் ‘கச்சா நார்’ என்ற எண், நீரில் கரையும் நாரைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கோதுமையில் இருக்கும் அரபினோசைலான் அந்த வகை. குடலுக்குள் அது பசைபோல் கெட்டியாவதால் நொதிகளால் உணவை எட்ட முடிவதில்லை. செரிக்காமல் மிஞ்சியதைத் தின்று கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகினால், குடல் அழற்சியில் கோழிகள் சாகத் தொடங்கும். ஈரக் கூளத்தில் நின்று பாதமும் புண்ணாகும்.

சைலனேஸ் என்ற நொதியைத் தீவனத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பார்லி என்றால் பீட்டா குளுக்கனேஸ் வேண்டும். கோதுமையை ஒரே நாளில் ஏற்றாமல் படிப்படியாக ஏற்றுங்கள். தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி வழக்குகளில் கோதுமை மீது வீண்பழி!

கேள்வி: சில எச்சங்கள் மட்டும் பழுப்பு நிறத்தில், நுரையோடு, கெட்ட நாற்றத்துடன் இருக்கின்றன. கழிச்சலா?

பதில்: இல்லை. குடலின் முடிவில் இருக்கும் இரு முட்டுப்பைகள் நாளுக்குச் சில முறை காலியாகும்போது வருவது அது. எல்லா எச்சமும் அப்படியே மாறினால் எழுதுங்கள்.