கொழும்பில் தமிழ்ப் படம் பார்க்க: புதிதாக வரும் தம்பிக்கு

தம்பி, திருச்சியிலிருந்து வேலை மாற்றலாகிக் கொழும்புக்கு வருகிறேன், வெள்ளவத்தையில் அறை பேசியாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். வாரம் ஒரு படமாவது பார்க்கிற ஆளுக்கு அங்கே என்ன வழி, இந்தியாவில் கட்டிய ஓடிடி சந்தா ஓடுமா, எந்தத் தியேட்டருக்குப் போவது, சமீபத்தில் வந்தவற்றில் எது தேறும் என்று நான்கு கேள்வி கேட்டிருந்தீர்கள். படத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஓடிடியை நம்பி மட்டும் விமானம் ஏறாதீர்கள். பெரிய நட்சத்திரப் படங்கள் தானாக வந்து சேரும். சின்னப் படங்கள்தான் கைநழுவிப் போகும், திட்டம் போட வேண்டியது அவற்றுக்குத்தான்.

ஓடிடியை முதலில் சொல்லிவிடுகிறேன், அந்த வேலை கிளம்புவதற்கு முன்பே முடிய வேண்டியது. படங்களின் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். பணம் எங்கே கட்டினீர்கள் என்று பார்ப்பதில்லை, எங்கே உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். ஜியோஹாட்ஸ்டார் இலங்கைக்கான சேவை இல்லை. ‘வாழை’, ‘லப்பர் பந்து’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ மூன்றும் அந்தத் தளத்துக்குத்தான் போயின, ஆகவே அவற்றைத் திருச்சியிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். இந்திய பிரைம் கணக்கு இங்கே திறக்கும், ஆனால் வெளிநாட்டிலும் பார்க்க அனுமதியுள்ள சில படங்கள் மட்டுமே ஓடும். அமேசானின் சொந்தத் தயாரிப்புகள் பெரும்பாலும் கிடைக்கும். நெட்ஃப்ளிக்ஸ்தான் தொந்தரவு குறைந்தது. அதே கணக்கில் உள்ளே போகலாம், பட்டியல் மட்டும் இலங்கையின் பட்டியலாகிவிடும். கணக்கின் நாட்டையே மாற்ற வேண்டுமானால், சந்தாவை நிறுத்தி, கட்டிய காலம் முடிந்த பிறகு இங்கிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை மறைக்கும் விபிஎன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். தளங்கள் அதைக் கண்டுபிடித்துத் தடுத்துவிடுகின்றன, படம் பாதியில் நிற்கும்.

டேட்டாவையும் கவனியுங்கள். இங்கே வீட்டு இணையத்தில் பல பேக்கேஜ்களுக்கு மாத வரம்பு உண்டு. நெட்ஃப்ளிக்ஸில் எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், நடுத்தர அமைப்பில் 0.7 ஜிபி அளவில் நிற்கும். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை எச்டியில் பார்த்தால் எட்டு ஜிபி காலி. அலுவலகம் முடிந்து கைபேசியில் பார்க்கிறவருக்கு நடுத்தரமே தாராளம்.

இன்னொரு முன்னேற்பாடு, வங்கி அட்டை. வெளிநாட்டுப் பயன்பாடு உங்கள் அட்டையில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். வங்கிச் செயலியில் போய், வெளிநாட்டுக்கும் ஆன்லைனுக்கும் தனித்தனியாக இயக்கிவிட்டு வாருங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். உள்ளூர்க் கணக்கு திறக்கும்வரை டிக்கெட் எடுக்க இதுதான் கை கொடுக்கும்.

இனித் தியேட்டர். வெள்ளவத்தையில் அறை என்பதே பாதி வெற்றி. காலி வீதியிலேயே (Galle Road) சவோய் தியேட்டர் இருக்கிறது. சவோய், சவோய் பிரீமியர் என்று இரண்டு அரங்கு, டிக்கெட்டில் எது என்று பார்த்து வாங்குங்கள். தெற்கே தெஹிவளையில் கொன்கோட்டிலும் தமிழ்ப் படம் ஓடும். வடக்கே பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டி, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி, கொம்பனித்தெருவில் கொழும்பு சிட்டி சென்டர், காலி முகத்திடலுக்கு எதிரே வன் கோல் பேஸில் பிவிஆர். காலி வீதியில் 100, 101 பஸ் வந்துகொண்டே இருக்கும், கரையோர ரயிலும் உண்டு. ஆனால் இரவுக் காட்சி முடிந்து வெளியே வரும்போது பஸ் குறைந்திருக்கும். வாடகை வண்டி கூப்பிடும் பிக்மீ செயலியை முன்பே பதிந்து வையுங்கள். தியேட்டர் வாசலில் நிற்கும் ஓட்டோவிடம் பேரம் பேசுவதைவிட அது மலிவு.

பழைய அரங்குகளில் ஓ.டி.சி., பெல்கனி என்று இரண்டு வகுப்பு இருக்கும். ஓ.டி.சி. கீழ்த்தளம், விலை குறைவு. புதிய மல்ட்டிப்ளெக்ஸ்களில் ஒரு டிக்கெட் ஆயிரம் இலங்கை ரூபாயைத் தாண்டும். இந்திய ரூபாய் ஒன்றுக்கு மூன்றரை இலங்கை ரூபாய் அளவில் கணக்கிட்டாலும் நம் ஊர் விலையைவிடக் கூடத்தான். அதனால் எல்லாப் படத்தையும் பெரிய அரங்கில் பார்க்க வேண்டியதில்லை. ஒலியும் காட்சியும் முக்கியமான படத்துக்கு மல்ட்டிப்ளெக்ஸ், கூட்டத்தோடு கைதட்டிப் பார்க்க வேண்டிய படத்துக்கு சவோய் அல்லது கொன்கோட். இதை நான் திடமாகச் சொல்வேன்.

காட்சி நேரத்துக்கு அந்தந்த அரங்கின் சொந்தத் தளத்தையும் பேஸ்புக் பக்கத்தையும் மட்டும் நம்புங்கள். சின்னத் தமிழ்ப் படம் இரண்டாவது வாரம் நிற்கும் என்று எண்ணி ஒத்திப்போடாதீர்கள். முதல் சனி, ஞாயிறிலேயே போய்விடுங்கள், அடுத்த வெள்ளி அந்தத் திரை வேறு படத்துக்குப் போய்விடும். வெசாக் போயா என்ற பௌர்ணமி விடுமுறையிலும் சித்திரைப் புத்தாண்டு நாட்களிலும் அரங்கு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புத்தாண்டுக்கு நகரமே ஊருக்குப் போய்விடும், பஸ்கூடக் கிடைக்காது.

இருக்கை விஷயத்தில் ஒரு கணக்கு. ஒலியை அளந்து சரிசெய்கிறவர்கள் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு வரிசையை ஒட்டித்தான் மைக் வைப்பார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தால் வசனமும் இசையும் சமமாகக் கேட்கும். பக்கச் சுவரை ஒட்டிய இருக்கையில் ஒரு பக்க ஒலிபெருக்கி வசனத்தை விழுங்கிவிடும். 2024 நவம்பரில் வந்த ‘கங்குவா’ இதற்குச் சரியான உதாரணம். கூச்சலும் இசையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் தயாரிப்புத் தரப்பே ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டது. சூர்யாவின் உழைப்பு அதில் தெரிகிறது. ஆனால் ஒலிக் கலவையிலேயே எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துவிட்டால் எந்த அரங்கும் அதைக் காப்பாற்ற முடியாது.

சரி, படங்கள். மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

கொழும்புக்கு வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது 2025 மே 1 அன்று வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னைக் காலனி ஒன்றில் யாரென்று காட்டிக்கொள்ளாமல் குடியிருக்கும் ஈழத்துக் குடும்பம். அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். அப்பா தர்மதாஸாக வரும் சசிகுமார் குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் முன் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று அவர் தயங்கும் அந்த ஒரு நொடியில் முழுக் கதையும் இருக்கிறது. இளைய மகனாக வரும் கமலேஷ் படத்தைத் தூக்கி நிறுத்துகிறான். குறை என்னவென்றால், எல்லோரும் சீக்கிரம் நல்லவராகிவிடுகிறார்கள். வீட்டுக்கு வீடு ஒரு துயரம், தர்மதாஸ் போனால் அது ஆறும் என்ற அமைப்பு மூன்றாவது முறை வரும்போது கதை ஊகிக்க எளிதாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. 2022இல் தனுஷ்கோடிப் பக்கம் வந்திறங்கிய குடும்பங்களை மண்டபம் அகதி முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். படத்தின் குடும்பமோ ஒரு போலீஸ்காரரின் இரக்கத்தால் அந்தப் பாதையையே தாண்டிவிடுகிறது. அந்த வலியை அறிந்தவர்கள் இங்கே உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

அதே காரணத்துக்காக ஒரு வேண்டுகோள். படத்தில் கேட்ட பேச்சைப் பழகிக்கொண்டு வந்து இங்கே பேசிக் காட்டாதீர்கள். கொழும்பில் யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், முஸ்லிம்கள், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே இருப்பவர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள், எல்லோர் பேச்சும் ஒன்றல்ல. உங்கள் திருச்சித் தமிழிலேயே பேசுங்கள், எல்லோருக்கும் புரியும். தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். இடைவேளையில் தேநீர் வாங்கிக்கொண்டு யுத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று வந்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போனவர், இருபது ஆண்டுக்கு மேல் கழித்து நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார், அவ்வளவுதான் கதை. வெளியான பிறகு ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டினார்கள். முதல் வாரம் பார்த்தவர் பார்த்த படமும் பிறகு பார்த்தவர் பார்த்த படமும் ஒன்றல்ல. வெட்டியது தவறு என்பது என் கட்சி. இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் படத்தின் உடம்பு, அதில் கை வைத்தால் அரவிந்த்சாமியின் குற்ற உணர்வு ஊறுவதற்கு நேரம் போதாது. அவர் தங்கைக்கு நகையும் கொலுசும் பூட்டிவிடும் கல்யாண மேடைக் காட்சிக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். ஊரை விட்டு வந்தவருக்கு இந்தப் படம் கொஞ்சம் கனமாகவே இறங்கும். வந்த முதல் வாரம் தனியாகப் பார்க்க வேண்டாம், அறையில் யாராவது கூட இருக்கும்போது பாருங்கள்.

‘கொட்டுக்காளி’யைப் பற்றி உங்கள் நண்பர் ‘மெதுவான படம்’ என்றாராம். மெதுவென்பது உண்மை. பின்னணி இசை ஒரு துளிகூடக் கிடையாது. ஷேர் ஆட்டோவின் இரைச்சல், பைக், கட்டிப்போட்ட சேவலின் படபடப்பு, சூரியின் கட்டிப்போன தொண்டை, இவைதான் இசை. வாய் திறக்காத அன்னா பென்னுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே சாமியாரிடம் கூட்டிப் போகிறது. வழியெல்லாம் அந்த ஆண்களுக்கு என்ன பிடித்திருக்கிறது என்பதை பி.எஸ். வினோத்ராஜ் ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார். கைபேசி ஒலிபெருக்கியில் இதைப் பார்த்தால் பாதிப் படம் காணாமல் போகும். நல்ல ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

‘கூலி’ எனக்கு ஏமாற்றம். ரஜினியின் நடையும் பார்வையும் இன்னும் கூட்டத்தை எழுப்புகின்றன, சௌபின் சாஹிரும் ரச்சிதா ராமும் அவர்கள் வரும் காட்சிகளைத் தங்களுடையதாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் பிணத்தை எரிக்கும் நாற்காலி என்ற கருவியைச் சுற்றிக் கதை கட்டினார்களே, அது நிற்கவில்லை. ஆமிர் கான் வருவதற்கும் போவதற்கும் காரணம் இல்லை. இந்தியாவில் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம் என்பதையும், குழந்தைகளுள்ள வீட்டுக்காரர்கள் உங்களைத் துணைக்குக் கூப்பிட்டால் நினைவில் வையுங்கள். ‘பைசன்’ பரவாயில்லை என்பதற்கு மேல். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. பசுபதி அப்பாவாக வந்து மகனைவிட அதிகம் ஓடுகிறார். இரண்டாம் பாதியை இன்னும் இறுக்கியிருக்கலாம்.

சிங்கள நண்பர்களுக்கு ஒரு படம் சொல்லச் சொன்னால், யோசிக்காமல் ‘லப்பர் பந்து’. கிரிக்கெட் இங்கே எல்லோருக்கும் பொது, தெருவில் பந்தை அடித்து வளர்ந்தவருக்குத் தினேஷின் கெத்தும் ஹரிஷ் கல்யாணின் பொறுமையும் விளக்கமே இல்லாமல் விளங்கும். மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவே நிற்கும் சுவாசிகாவின் கோபம்தான் படத்தின் உண்மையான ஆட்டம். விஜயகாந்த் பாட்டு ஏன் அரங்கைக் கிளப்புகிறது என்பதை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் இருக்கும் என்பதால், தியேட்டருக்கும் அவர்களைத் தயங்காமல் கூப்பிடலாம்.

கடைசியாக, தமிழ்ப் படம் என்ற எல்லைக்குச் சற்று வெளியே ஒன்று. நுவரெலியா, ராவணன் இடங்கள் என்று சுற்றுலாத் திட்டம் போட்டிருப்பீர்கள். கிளம்புவதற்கு முன் இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ பாருங்கள். 2023இல் தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் விருது வாங்கியது. 2022 நெருக்கடியின் நடுவே, பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நிற்கும்போது, ராமாயணச் சுற்றுலா வரும் மலையாளித் தம்பதியின் அறையில் லேப்டாப்பும் கைபேசிகளும் திருடு போகின்றன. கணவன் போலீஸை நெருக்க நெருக்க, அடி விழுவது தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள்மேல். ஒரே வண்டியில் சிங்களம், தமிழ், மலையாளம், ஆங்கிலம் எல்லாம் பேசப்படும். யாருக்கு எது புரிகிறது, யாருக்குப் புரியாமல் போகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள், கதை அங்கேதான் நகர்கிறது. ரோஷன் மேத்யூவும் தர்ஷனா ராஜேந்திரனும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் மேலிடத்துக்கும் சுற்றுலாப் பயணிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட போலீஸ் சார்ஜன்ட்டாக வரும் மகேந்திர பெரேராவுக்காகவே நான் இதை எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். இந்த நாட்டில் இவ்வளவு நல்ல நடிகர்கள் இருப்பது நம் ஊரில் பெரும்பாலோருக்குத் தெரியாது.