‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டுமா?

கேள்வி: கவிதை எழுதும் நாங்கள் சிலர் இணையத்தில் கூடி, எழுதியதைப் பகிர்ந்து படித்து வருகிறோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தம் தந்தையின் மறைவைப் பற்றி ஐந்து வரிகள் எழுதியிருந்தார். ‘இது கவிதையே இல்லை, தேய்ந்த சொற்களின் அடுக்கு’ என்று எழுதினேன். அவர் விலகிவிட்டார், மற்றவர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்கிறார்கள். அதன் பிறகு எந்தக் கவிதைக்கும் ‘அருமை’ என்பதைத் தவிர வேறு சொல் வருவதில்லை. உண்மையைச் சொன்னது தவறா? இனி நானும் ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டுமா?

பதில்: நீங்கள் கடிதத்தில் எடுத்தெழுதியிருந்த ஐந்து வரிகளையும் மூன்று முறை படித்தேன். எழுதியவரைக் கேட்காமல் அவற்றை இங்கே அச்சிடுவது முறையன்று. வீடு இருண்டதையும் கண்ணீர் கடலானதையும் சொல்லும் முதல் மூன்று வரிகளைப் பொறுத்தவரை உங்கள் சலிப்பு நியாயமானதே. ஆனால் மேசைமேல் மடித்து வைக்கப்பட்ட மூக்குக்கண்ணாடியோடு முடியும் கடைசி இரண்டு வரிகளில் நீங்கள் நிற்கவே இல்லை என்று தோன்றுகிறது. அதை அவரே கழற்றி மடித்து வைத்தாரா, அவர் போன பிறகு வேறொரு கை மடித்து வைத்ததா என்பதை வரிகள் சொல்லவில்லை. அந்தச் சொல்லாமையில்தான் துக்கம் முழுவதும் இருக்கிறது. ஐந்தில் இரண்டு வரிகள் உயிரோடு இருக்கும் ஒன்றைக் ‘கவிதையே இல்லை’ என்று தள்ளியதைக் கடுமை என்று மற்றவர்கள் குறை சொல்கிறார்கள். நான் அதைக் கவனக்குறைவான வாசிப்பு என்பேன்.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூலின் பாயிரம் எண்ணிச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தொடங்கி நின்று பயனின்மை என்று முடியும் அந்த வரிசையில் எழுதியவனின் குணத்தையோ தகுதியையோ பழிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் எழுத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம். இலக்கண நூலுக்குச் சொன்னதைக் கவிதைக்கு அப்படியே பொருத்த முடியாதுதான் (நல்ல கவிதைகள் பலவும் கூறியதையே கூறித்தான் நம்மை உருக்குகின்றன). ஆனாலும் ‘கடலான கண்ணீர் மிகைபடக் கூறலாக இருக்கிறது, கண்ணாடி ஒன்றே போதும்’ என்று எழுதியிருந்தால், எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்று அவருக்கு விளங்கியிருக்கும். ‘கவிதையே இல்லை’ என்ற தீர்ப்பை வைத்துக்கொண்டு அவர் எந்த வரியைத் திருத்துவார்?

‘அருமை’யும் இதே குறை உடையதுதான். பத்துக் கவிதைகளின் கீழும் மாற்றாமல் ஒட்டக்கூடிய ஒரு சொல், அவற்றில் எதையும் படித்ததற்குச் சான்றாகாது. அதை அன்பு என்று உங்கள் நண்பர்கள் நினைக்கிறார்கள். ஓராண்டு உழைத்துத் திருத்திய கவிதைக்கும் ஒரு மாலையில் கிறுக்கியதற்கும் அதே சொல்லைப் பெறுகிறவர், தம்மை யாரும் படிக்கவில்லை என்பதை விரைவிலேயே கண்டுகொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ என்ற நெடுங்கவிதை 1922 இல் வெளிவருவதற்கு முன், அதன் கைப்பிரதியில் அவருடைய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் நீண்ட பகுதிகளையே அடித்து நீக்கினார். எலியட் பின்னர் அக்கவிதையை அவருக்கே காணிக்கையாக்கினார். இதைக் கடுமைக்குச் சான்றிதழாகக் காட்டுகிறவர்கள், அந்தப் பிரதியைத் திருத்துவதற்கென்று கொடுத்தவர் எலியட்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் புதியவர் கருத்துக் கேட்டாரா, அல்லது தந்தை இல்லாத வீட்டிலிருந்து நான்கு பேரிடம் பேச மட்டும் விரும்பினாரா? இதை எழுத்திலிருந்து ஊகிக்க முடியாதபோது, ‘திருத்தம் பற்றிப் பேசலாமா?’ என்று கேட்டுவிடுவது கடினமன்று. இறப்பைப் பற்றிய கவிதையாயின் சில வாரங்கள் பொறுத்தே கேளுங்கள். வரிகள் எங்கும் ஓடிவிடா.

விலகியவருக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் நோக்கத்தை விளக்கத் தொடங்காதீர்கள். ‘உங்கள் நன்மைக்காகத்தான் சொன்னேன்’ என்ற தொடர் அக்கடிதத்தில் வரவே கூடாது. அவசரப்பட்டுப் படித்து எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வாக்கியம், அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். கடலைப் பற்றி அவராகக் கேட்டால் பேசுங்கள்.