55,200 ரூபாய் கட்டினால் மீதி வருமா?

கேள்வி: மேடம், எனக்கு 33 வயது. பெங்களூரு அல்சூரில் மனைவி, மகளோடு இருக்கிறேன். ஒரு கூரியர் கம்பெனி கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. சில மாதங்களுக்கு முன் டெலிகிராமில் வந்த லிங்க் மூலம் ஒரு வெளிநாட்டு ஆன்லைன் கேசினோவில் சேர்ந்தேன். 10,000 ரூபாய் வெல்கம் போனஸ் தந்தார்கள். அதைப் போல 35 மடங்கு ஆடினால்தான் பணம் எடுக்கலாம் என்றார்கள், அதையும் முடித்தேன். முதலில் 4,000 ரூபாய் எடுத்தபோது பத்தே நிமிடத்தில் அக்கவுன்ட்டுக்கு வந்துவிட்டது. அப்புறம் ஒருமுறை 60,000 எடுக்கப் போட்டேன். மூன்று நாள் பெண்டிங்கிலேயே இருந்தது. பொறுக்காமல் கேன்சல் செய்து ஆடி அவ்வளவையும் விட்டேன். இதுவரை மொத்தம் 2,60,000 ரூபாய் போட்டிருக்கிறேன். மனைவியின் செயினை அடகு வைத்த பணமும் அதில் உண்டு, அவளுக்குத் தெரியாது. இப்போது கணக்கில் ஜெயித்த பணம் 1,84,000 ரூபாய் இருக்கிறது. எடுக்கப் போனால் ஆதார், பான், செல்ஃபி கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது 30 சதவீத வரி என்று 55,200 ரூபாயை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். மைத்துனர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் ஆடுவதை நிறுத்திவிட்டேன், இந்தப் பணம் மட்டும் வந்தால் போதும். கட்டலாமா? போலீசுக்குப் போனால் என்னையே பிடிப்பார்களா?

— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: தம்பி, கட்டாதீர்கள். மேலே படிப்பதற்கு முன்னால் மைத்துனருக்கு போன் போட்டு, பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆன்லைன் விளையாட்டில் ஜெயிக்கிற பணத்துக்கு 30 சதவீத வரி உண்டு என்பது உண்மைதான், 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. உங்களிடம் பேசுகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும், அதனால்தான் கணக்கு அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அந்த வரியை, பணம் கொடுக்கிறவர் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ள வேண்டும். 1,84,000 ரூபாய் நிஜமாகவே அவர்களிடம் இருந்தால் 55,200-ஐ எடுத்துக்கொண்டு மீதி 1,28,800-ஐ அனுப்ப வேண்டியதுதானே? உங்களிடம் எதற்குக் கேட்கிறார்கள்? கட்டச் சொன்ன யூபிஐ ஐடியை இன்னொரு தரம் பாருங்கள். யாரோ ஒரு தனி ஆளின் பெயர் இருக்கும். வருமான வரித்துறை அப்படி ஒருவருடைய ஜிபே வழியாக வரி வாங்குவதில்லை. இதைக் கட்டினால் அடுத்து ‘பிராசஸிங் கட்டணம்’ வரும், அதற்கு அடுத்து இன்னொன்று வரும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். வரி போடுவது நிகர வெற்றிக்கு. அதாவது எடுத்ததிலிருந்து போட்டதைக் கழித்தால் மிஞ்சுவதற்கு. நீங்கள் போட்டது 2,60,000. எடுத்தது 4,000. அவர்கள் மனமிரங்கி 1,84,000-ஐ முழுசாகக் கொடுத்தாலும் 72,000 ரூபாய் நஷ்டத்தில்தான் நிற்பீர்கள். வரி போட அதில் ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க ‘ஜெயித்த பணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே தெரிவது, நீங்கள் தோற்ற பணத்தில் ஒரு பங்கை அவர்கள் எண்ணாக எழுதிக் காட்டுவது. அதைத் ‘தர மாட்டேன் என்கிறார்களே’ என்ற ஆத்திரத்தில், தோற்றது உங்கள் கண்ணில் படவே இல்லை. இந்த ஆத்திரம் இருக்கிறவரை அவர்களுக்கு லாபம்தான்.

அந்த முதல் 4,000 பத்து நிமிடத்தில் வந்ததற்குக் காரணம் நேர்மை என்று இன்னும் நினைக்கிறீர்களா? அது அவர்கள் செய்த முதலீடு. போனஸையும் பார்ப்போம். 10,000-க்கு 35 மடங்கு என்றால் 3,50,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். ஸ்லாட் விளையாட்டில் 96 சதவீதம் திரும்பி வரும் என்று அவர்களே போட்டிருந்தாலும், சராசரியாக ஒவ்வொரு நூறிலும் நாலு ரூபாய் அவர்களுக்கு. 3,50,000-க்கு 14,000. பத்தாயிரம் இனாமாக வாங்கப் பதினாலாயிரம் செலவு. ரூலெட் சக்கரத்திலும் இதே கதைதான்: பூஜ்யத்தோடு சேர்த்து 37 கட்டங்கள், ஒரு எண்ணில் கட்டி அடித்தால் கட்டிய பணம் போக 35 மடங்குதான் தருவார்கள். நூற்றுக்கு 2 ரூபாய் 70 பைசா அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவும் ஆட்டம் ஒழுங்காக நடந்தால். உங்கள் தளத்தில் ஒழுங்காக நடந்தது என்பதற்கு யார் சாட்சி?

மூன்று நாள் பெண்டிங் என்றீர்களே, அதுவும் தற்செயல் இல்லை. பணம் வர நாளாகும், கேன்சல் பட்டன் மட்டும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எடுக்கப் போட்ட பணத்தை இப்படி மறுபடி ஆட்டத்துக்குள் இழுக்கும் வசதியை பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021-இல் தடை செய்தது. உங்கள் 60,000 அந்த பட்டன் வழியாகத்தான் போயிருக்கிறது.

இந்தத் தளங்களின் அடியில் பெரும்பாலும் குராசோ உரிமம் என்று ஒரு முத்திரை இருக்கும். வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்து முடியாட்சியைச் சேர்ந்த ஒரு கரீபியன் தீவு அது. முத்திரையை அழுத்தினால் அந்தத் தீவின் ஆணையப் பக்கத்துக்குப் போகாமல் படம் படமாகவே நின்றால், உரிமமே பொய்யாக இருக்கலாம். நிஜமாக இருந்தாலும் அல்சூரில் இருந்துகொண்டு அங்கே வழக்காடி இந்தப் பணத்தை வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமா?

சரி, போலீஸ். கர்நாடகம் 2021-இல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடையை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ரத்து செய்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் நிறைவேற்றிவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு ஆண்டு வரை. ஆடியவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. அதனால் தைரியமாக சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்யுங்கள், சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். முன்னதாக அந்தத் தளத்தின் எல்லாப் பக்கங்களையும், சாட்டையும், நீங்கள் பணம் அனுப்பிய ஒவ்வொரு யூபிஐ ஐடியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போன பணம் வந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். 1930 பலன் தருவது பெரும்பாலும் பணம் போன சில மணி நேரத்துக்குள் சொல்லும்போதுதான்.

இருந்தாலும் புகார் கொடுக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களுக்கு வந்த அந்த 4,000 யார் பெயரிலிருந்து வந்தது என்று வங்கி ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். கேசினோவின் பெயர் இருக்காது. வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் கணக்காக இருக்கலாம், அதில் வேறொரு மோசடியில் பறிகொடுத்தவரின் பணமும் கலந்திருக்கலாம். அவர் எங்கோ புகார் கொடுத்தால், அந்த மாநில போலீஸ் சொல்லி உங்கள் கணக்கு முடங்கும். முடங்குவது சம்பளக் கணக்கு என்றால் வாடகைக்கே திண்டாட்டம். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லியிருப்பது அப்போது கைகொடுக்கும்.

ஆதாரும் பானும் செல்ஃபியும் அவர்கள் கையில் இருக்கின்றன. ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். கடன் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இனி, ‘கேசினோவில் மாட்டிய பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று யாராவது மெசேஜ் அனுப்பக்கூடும். அவர்களும் முதலில் கட்டணம்தான் கேட்பார்கள்.

ஆடுவதை நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள். தினமும் உள்ளே போய் அந்த 1,84,000 இருக்கிறதா என்று பார்க்கிறீர்களா? பார்க்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகாரும் கொடுத்தபின் அந்தக் கணக்கை மூடச் சொல்லி எழுதிவிட்டு ஆப்பை அழியுங்கள், டெலிகிராம் சேனலிலிருந்தும் வெளியேறுங்கள். கை பரபரத்தால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. போன், இணையப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கென்று 2014-லிருந்து அங்கே தனிப் பிரிவே நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வருகிற இடம், உங்களுக்கு ஒரு பஸ் தூரம்.

கடைசியாக, செயின். அடகு ரசீதில் கெடு தேதி என்ன போட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். கடையிலிருந்து வரும் நோட்டீஸை உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்குகிற நிலை வரக் கூடாது. அதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள், மகள் தூங்கியபின், ரசீதையும் ஸ்டேட்மென்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு. கோபப்படுவார், அழுவார், ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். வந்த 4,000 போக 2,56,000 என்று முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். ஐம்பதாயிரம் என்று ஆரம்பித்து நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டு போனால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் அவர் நம்ப மாட்டார். கிடங்கில் யாரிடமாவது கைமாற்று வாங்கியிருந்தால் அதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துச் சொல்லுங்கள்.