மாந்தோப்பை அடமானம் வைத்து பைலட் படிப்பா?

ஐயா, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் பாப்பாவுக்கு பைலட் ஆக ஆசை, காவேரிப்பட்டணம் தோப்பை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசையில் தப்பே இல்லை. இயற்பியலும் கணிதமும் படிக்கிறாள், அது போதும். கடன்தான் என்னை யோசிக்க வைக்கிறது.

விமானங்களில் கூட்டம் நிரம்பி வழிகிறது, அப்புறம் ஏன் கம்பெனிகள் மூடுகின்றன? கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-ல், கோ ஃபர்ஸ்ட் 2023-ல். டிக்கெட் காசு ரூபாயில் வருகிறது. விமான வாடகையும் உதிரிபாகமும் டாலரில் போகின்றன. எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி வேறு. பறந்துபோன விமானத்தின் காலி சீட்டை மறுநாள் விற்க முடியாது. பறித்த தோத்தாபுரி மாங்காயைக் கூழ் ஆலை சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிற உங்களுக்கு இந்த நெருக்கடி நன்றாகவே புரியும். கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில் இன்ஜின் கோளாறால் பாதி விமானங்கள் தரையில் நின்றன. வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது உங்கள் கணக்கு. 60 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 82,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கினாலும், ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் என்று இன்னும் பல லட்சம் ஆகும். அந்த நேரம் பார்த்து கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தினால்? வேலை இல்லாமல் இரண்டு வருடம் தவணை கட்டத் தோப்பைத் தவிர வேறு வருமானம் இருக்கிறதா? இல்லையென்றால் தோப்பைத் தொடாதீர்கள்.

ஓசூருக்கு விமான நிலையம் வருகிறதே என்பீர்கள். 2024-ல் அறிவித்தார்கள், உண்மைதான். ஆனால் பெங்களூர் நிலையத்தின் ஒப்பந்தத்தில் 150 கி.மீ.க்குள் புது நிலையம் வருவதற்கு 2033 வரை கட்டுப்பாடு இருக்கிறது. அதோடு, பைலட்டை வேலைக்கு எடுப்பது விமான கம்பெனி, விமான நிலையம் இல்லை.

முதலில் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். விமானத் துறையை மேற்பார்வையிடும் மத்திய அரசின் டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் வகுப்பு 2 பரிசோதனை, அது தேறினால் வகுப்பு 1 பரிசோதனை. இதில் தேறாமல் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.

விமானம்தான் வேண்டும், பைலட் ஆகாவிட்டாலும் பரவாயில்லை என்று பாப்பா சொன்னால், விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பைப் பாருங்கள். செலவு பல மடங்கு குறைவு. கம்பெனி மாறினாலும் லைசென்ஸ் கையில் இருக்கும், பழுது பார்க்கும் பணிமனைகளிலும் வேலை உண்டு. கல்லூரிக்கு, இந்தப் படிப்பை நடத்த டிஜிசிஏ தரும் சிஏஆர்-147 அங்கீகாரம் இருக்கிறதா என்பதை டிஜிசிஏ இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டும் நோட்டீஸை நம்ப வேண்டாம். ‘ஆறே மாதத்தில் ஏர்போர்ட் வேலை உறுதி’ என்கிற டிப்ளமோக்கள் பக்கமே போகாதீர்கள்.

மருத்துவ ரிசல்ட் வந்ததும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவளிடம் நேரில் பேச வேண்டும்.