பழைய வள்ள இஞ்சினைப் பிரித்துப் போர் அடிக்கத்தான் வேணுமா?

குருநகரில் 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் இஞ்சின். ஸ்ராட் எடுக்கச் சுணங்குது, இழுவை இல்லை, மெக்கானிக் போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரிக்க முதல் கொம்பிரசன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கோ. இஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் பண்ணி, பிளக் துளையில் அழுத்தமானியைப் பூட்டி, திறொட்டிலை முழுதாகத் திறந்து கயிறை இழுங்கோ. மண்ணெண்ணெய் இஞ்சினில் அழுத்தம் பெற்றோல் இஞ்சினைவிடக் குறைவாகத்தான் காட்டும். அதனால் பக்கத்து வள்ளக்காரர் சொல்லும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 வீதத்துக்குள் என்றால் காபரேற்றர், பிளக், மண்ணெண்ணெயில் கலந்த தண்ணீர் என்று வெளியில் தேடுங்கோ. 15 வீதத்தைத் தாண்டினால், பிளக் துளையால் கொஞ்சம் ஓயில் விட்டு மறுபடி பாருங்கோ. எண் ஏறினால் பிஸ்டன் ரிங் பக்கம் கசிவு. அப்பவும் அவசரப்படாதேங்கோ: மண்ணெண்ணெய்க் கரி ரிங்கை ஒட்டவைக்கும், கரி எடுத்தாலே சில இஞ்சின் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஹெட்டை (சிலிண்டர் மூடியை) கழற்றும்போது சிலிண்டர் சுவரில் ஆழமான கீறலோ அலுமினியம் இழுபட்ட தடமோ இருந்தால், மெக்கானிக் சொன்னது சரி: போர், ஓவர்சைஸ் பிஸ்டன். பிளைவீலைப் பிடித்து அசைக்க ஆட்டம் தெரிந்தால் கிராங் பெயாரிங்கும் போய்விட்டது. போர் மட்டும் அடிப்பது வீண் செலவு. புளொக்கை உப்பு தின்றிருந்தால் ஒரு சதமும் போடமாட்டேன்.

எதைச் செய்தாலும் இம்பெல்லரையும் (தண்ணீர் பம்பின் சுழலி) உப்புப் படிந்த தண்ணீர் வழிகளையும் பாருங்கோ. சூடு குறையாவிட்டால் புதுப் பிஸ்டனும் இறுகும்.